நிக்கல் பிளேட்டிங் கழிவுத்தண்ணிக்கு தென்னை நார்த்தூள் மீடியா: போட்டு ஓட்டி பார்த்த ரிவ்யூ

கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன பிளேட்டிங் யூனிட்ல ஈடிபி, அதாவது கழிவுத்தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட், என் பொறுப்புல ஓடுது. நிக்கல், அதுமேல டெக்கரேட்டிவ் குரோம், கொஞ்சம் ஜிங்க், எல்லாம் ஜாப் ஒர்க்தான். தென்னை நார்த்தூள்ல செஞ்சு "ஹெவி மெட்டல் மீடியா"ன்னு மூட்டையில விக்கிறாங்களே, அத வாங்கி போட்டு ஓட்டிட்டு இருக்கோம். பிளேட்டிங் லைன்ல இருக்கற நிறைய பேர் இது வேலை செய்யுதா இல்லையான்னு கேக்கறாங்க, அதான் தெரிஞ்சத முழுசா எழுதிடறேன். கம்பெனி பேர் போடல, கீழ குறையும் சொல்லப்போறேன், அதுவும் போக இதே மாதிரி சரக்கு இப்ப நாலஞ்சு பேர் பண்றாங்க, பேர விட பொருள் எப்படின்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு உபயோகம்.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். நிக்கல், காப்பர் மாதிரி உலோகம் ஏற்கனவே செட்டில் பண்ணி எடுத்த தண்ணில மிச்சம் மீதி இருக்கறத பிடிக்க இது நல்ல பொருள், 5க்கு 4 தருவேன். குரோம் தண்ணிக்குன்னு சொல்லி விக்கிறது பாதி உண்மைதான், அதுக்கு 2. தீர்ந்துபோன மீடியாவ என்ன பண்றதுன்னு வாங்குறவங்களுக்கு அவங்க சொல்ற விஷயத்துக்கு மார்க்கே கிடையாது, ஏன்னா சொல்றதே இல்ல.

சரி, மூட்டைக்குள்ள என்ன இருக்கு? 25 கிலோ மூட்டை, அடர் பிரவுன் கலர்ல குருணை குருணையா இருக்கும். வெறும் நார்த்தூள் இல்ல. நார்த்தூள அப்படியே கொட்டுனா தண்ணி பட்டதும் ஊதி, அழுந்தி, வெசல்ல கேக் மாதிரி உக்காந்துக்கும், தண்ணியே இறங்காது. அதனால ஆசிட்ல கழுவி, சிட்ரிக் ஆசிட் சேர்த்து சூடு பண்ணி, குருணையாக்கி தர்றாங்க. சிட்ரிக் ஆசிட் எதுக்குன்னா, தேங்காய் நார்லயும் தூள்லயும் இருக்கற செல்லுலோஸ், லிக்னின் இதுங்கள்ல கார்பாக்சில், ஃபீனால்னு சில தொகுதிகள் இருக்கு, உலோக அயனிய பிடிக்கறது அதுங்கதான், சிட்ரிக் ஆசிட்ட சூட்டுல ஒட்ட வைக்கும்போது கார்பாக்சில் எண்ணிக்கை கூடுது. தன்கிட்ட இருக்கற ஹைட்ரஜனையோ சோடியத்தையோ விட்டுட்டு நிக்கல புடிச்சுக்கும். அதாவது இது வடிகட்டுற சமாச்சாரம் இல்லைங்க, கொடுத்து வாங்குற சமாச்சாரம். இது ஒண்ண மனசுல வெச்சுக்கிட்டா இந்த மீடியா எங்க வேலை செய்யும் எங்க செய்யாதுங்கறது முக்கால்வாசி தானா விளங்கிடும்.

இது ஏதோ புதுசா கண்டுபிடிச்சதுன்னு விக்கிற ஆளுங்க சொன்னா நம்பாதீங்க. நம்ம மருதமலை அடிவாரத்துல பாரதியார் யுனிவர்சிட்டில சி. நமசிவாயம், கே. கதிர்வேலு இவங்கல்லாம் 1990கள்ல இருந்தே நார்த்தூள கார்பனாக்கி காப்பர், கேட்மியம், நிக்கல், மெர்குரின்னு வரிசையா பார்த்து பேப்பர் போட்டிருக்காங்க. கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டில வோலெஸ்கின்னு ஒரு பேராசிரியர் சர்காசம்ங்கற கடல்பாசிய வெச்சு இதே வேலைய பல வருஷம் பண்ணார். அமெரிக்காவுல பாசிய சிலிக்காக்குள்ள வெச்சு "ஆல்காசார்ப்"னு ஒரு பொருள் வந்துச்சு, அங்க சுரங்கத்துறை ஆய்வுக்கூடத்துல பீட் பாசிய பிளாஸ்டிக் மணிக்குள்ள வெச்சு "பயோ ஃபிக்ஸ்"னு பண்ணாங்க. அதெல்லாம் ஏன் பெருசா கடைத்தெருவுக்கு வரலன்னா இதே கொடுத்து வாங்குற வேலைக்குன்னே செயற்கையா செய்யற அயான் எக்ஸ்சேஞ்ச் ரெசின் பக்கத்துல நின்னு போட்டி போட முடியல, இயற்கை சரக்கு ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி வந்துச்சு. இந்த லாட் பிரச்சனை நம்ம மூட்டையிலயும் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

இப்ப எங்க செட்டப். நிக்கல் லைன் ரின்ஸ் தண்ணி, குரோம் லைன் ரின்ஸ் தண்ணி ரெண்டும் தனித்தனியா வருது. குரோம் தண்ணிய பிஹெச் (அமில, கார அளவு, 7 நடுநிலை) 2 – 3ல வெச்சு மெட்டாபைசல்ஃபைட் போட்டு, விஷம் ஜாஸ்தியான ஆறு நிலை குரோமியத்த மூணு நிலையாக்கிட்டு, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து காரம் போட்டு ஸ்லட்ஜா, அதாவது சேறா, அடியில இறக்குறோம். எல்லா சின்ன யூனிட்லயும் இதுதான் நடக்குது. இதுல பழைய தலைவலி ஒண்ணு இருக்கு. குரோமியம் ஹைட்ராக்சைடு பிஹெச் 8 – 8.5 கிட்ட நல்லா இறங்கும், நிக்கல் இறங்கணும்னா 10க்கு மேல போகணும், 10க்கு மேல போனா இறங்குன குரோமியம் திரும்ப கரைய ஆரம்பிக்கும். அதனால எல்லாரும் நடுவுல 9, 9.5னு ஒரு இடத்துல நிப்பாட்டுவோம், நிக்கல் கொஞ்சம் தப்பிச்சு வெளிய வந்துடும். வெளிய விடுற தண்ணில நிக்கல் லிமிட் லிட்டருக்கு 3 மில்லிகிராம். சாம்பிள் எடுக்கற அன்னிக்கு இது 2ஆ இருக்குமா 5ஆ இருக்குமான்னு வயித்துல புளிய கரைச்சுட்டே இருக்கும். அந்த தப்பிச்சு வர்ற நிக்கலுக்குத்தான் இந்த மீடியா.

செட்டில் ஆன தண்ணி, மணல் ஃபில்டர், பிஹெச் சரி பண்ற டேங்க், அப்புறம் மீடியா போட்ட எஃப்ஆர்பி வெசல் (ஃபைபர் தொட்டி). மணல் ஃபில்டர் இல்லாம நேரா விட்டுடாதீங்க, செட்டில் ஆகாம மிதந்து வர்ற ஹைட்ராக்சைடு துகள் குருணை மேல படிஞ்சு பெட் (வெசல்ல நிரப்புன மீடியா) அடைச்சுக்கும், ஆசிட் பட்டா அந்த துகளும் கரைஞ்சு திரும்ப நிக்கலா வந்து நிக்கும். பிஹெச் 5.5 – 6 கிட்ட வெச்சாத்தான் மீடியா ஒழுங்கா பிடிக்குது. 3க்கு கீழ போனா ஹைட்ரஜன் அயனியே எல்லா இடத்தையும் புடிச்சுக்குது, நிக்கலுக்கு இடமில்ல. 8க்கு மேல போனா நிக்கல் துகளாயிடுது, பிடிக்கறதுன்னு எதுவும் இல்ல, வெறும் வடிகட்டல்தான். காரத்துல இருந்து கீழ கொண்டுவர ஆசிட் செலவு ஆகுமேன்னு கேட்டா, வெளிய விடுற தண்ணி எப்படியும் 9க்குள்ள இருக்கணும், அந்த ஆசிட்ட போடத்தான் போறீங்க, இன்னும் கொஞ்சம் சேர்த்து போடுறீங்க, கடைசில திரும்ப 7 கிட்ட ஏத்தி விடறீங்க, அவ்வளவுதான்.

முதல் தடவ ஓட்டும்போது பயந்துடாதீங்க, டீ டிகாக்ஷன் கலர்ல தண்ணி வரும். டானின். தேங்காய் நார் ஊற வெச்ச குட்டையில வருமே அதே கலர். ஆசிட்ல கழுவியாச்சுன்னு சொன்னாலும் மிச்சம் வரத்தான் செய்யும். கலர் நிக்கற வரைக்கும் கழுவி, அந்த தண்ணிய கலெக்ஷன் டேங்குக்கே திருப்பி விடுங்க, வெளிய விட்டா சிஓடி (தண்ணில இருக்கற ஆர்கானிக் அழுக்கோட அளவு) ஏறிடும். அதோட நார்த்தூள்ல இயற்கையாவே உப்பு, பொட்டாசியம் இருக்கு, பொள்ளாச்சி பக்கம் செடிக்கு ஏற்றுமதி பண்ற நார்த்தூள லோ ஈசி (உப்பு கம்மி), ஹை ஈசி (உப்பு ஜாஸ்தி)ன்னு பிரிச்சு விலை வெக்கறதே அதனாலதான். கழுவாத சரக்கு வந்துச்சுன்னா டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவு) சும்மா ஏறும். நமக்கு லிமிட் 2100, அதுல சண்டை போட்டுட்டு இருக்கோம், இது வேற கூட சேரக்கூடாது. பின்னாடி ஆர்ஓ வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதை, இந்த பிரவுன் கலர் மெம்பரேன்ல போய் ஒட்டுனா கழுவி எடுக்கறது பெரும்பாடு.

இப்ப கணக்கு. விக்க வர்றவங்க யாரும் இத போட்டு காட்ட மாட்டாங்க, அதனால நானே போடறேன். இந்த மாதிரி தாவர சரக்கு ஒரு கிராம் எத்தன மில்லிகிராம் உலோகம் பிடிக்கும்னு ஆய்வு பேப்பர்ல பத்துக்கணக்குல நம்பர் இருக்கும், ஆனா அது லேப்ல சுத்தமான தண்ணில நிக்கல் மட்டும் கரைச்சு, அதுவும் நிறைய கரைச்சு பார்த்தது. நம்ம தண்ணில பல உப்பு இருக்கு, நிக்கலும் கம்மி. கிராமுக்கு 10 மில்லிகிராம்னு வெச்சுக்குவோம். 25 கிலோ மூட்டை மொத்தமா 250 கிராம் நிக்கல் பிடிக்கும். செட்டில் ஆன தண்ணில லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்து அத 1ஆ குறைக்கணும்னா, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிடிக்கணும், அப்ப ஒரு மூட்டை 62,000 லிட்டர் வரைக்கும் தாங்கும். இதே மூட்டையில செட்டில் பண்ணாத ரின்ஸ் தண்ணிய, லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கறத, நேரா விட்டீங்கன்னா 5,000 லிட்டர்ல முடிஞ்சுது கதை. "ஈடிபியே வேண்டாம், எங்க மீடியா போதும்"னு யாராவது சொன்னா இந்த கணக்க அவங்க முன்னாடி வெச்சு கேளுங்க. எங்ககிட்ட அப்படி சொன்னாங்க, அதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

நிக்கல் ரிசல்ட் எங்களுக்கு நல்லா வந்துச்சு. வெளி லேப்ல ஏஏஎஸ்ங்கற உலோகம் அளக்கற மெஷின்ல பார்த்தோம், பெட் புதுசா இருக்கும்போது லிமிட்டுக்கு எவ்வளவோ கீழ, அப்புறம் மெல்ல மெல்ல ஏறும், லிமிட்ல பாதி வந்ததும் நிறுத்திடறோம். ஆரம்பத்துல இவ்வளவு நாள் தாங்கல. காரணம் சுண்ணாம்பு. கால்சியமும் நிக்கல் மாதிரியே ரெண்டு சார்ஜ் அயனி, சுண்ணாம்பு போட்டு இறக்குன தண்ணில கால்சியம் லிட்டருக்கு நூத்துக்கணக்குல மில்லிகிராம் கெடக்கும், நிக்கல் அஞ்சோ ஆறோ. மீடியாவுக்கு நிக்கல் மேல கொஞ்சம் பிரியம் ஜாஸ்திதான், ஆனாலும் கூட்டத்துல கால்சியம்தான் முக்கால்வாசி இடத்த பிடிச்சுக்குது. சுண்ணாம்ப விட்டுட்டு காஸ்டிக் சோடாவுக்கு மாறுனதும் பெட் நல்லாவே கூட நாள் ஓடுது, ஸ்லட்ஜும் கம்மியாச்சு. காஸ்டிக் விலை ஜாஸ்தி, சோடியத்தால டிடிஎஸ்ஸும் பார்க்கணும், அத ஸ்லட்ஜ் அனுப்புற செலவோட சேர்த்து கணக்கு போட்டுக்கங்க. இந்த சுண்ணாம்பு விஷயத்த மீடியா கம்பெனி முதல்லயே கேட்டு சொல்லியிருக்கணும், கேக்கல.

இன்னொண்ணு பிரைட்னர். நிக்கல் பாத்ல (ஜாப்ப முக்கி பூச்சு ஏத்தற கரைசல்) பளபளப்புக்கு போடுற பிரைட்னர், வெட்டிங் ஏஜென்ட் எல்லாம் ரின்ஸ் தண்ணியோட வரும். பாத்துக்கு எப்பவாவது கார்பன் ட்ரீட்மென்ட் பண்ணுவோமே, அந்த ஆர்கானிக் சமாச்சாரம்தான், அது குருணை மேலயும் போய் ஒட்டும். எங்களுக்கு பெருசா தொந்தரவு தரல. ஆனா ஈடிடிஏ, அமோனியா மாதிரி உலோகத்த கட்டிப்பிடிச்சு வெச்சுக்கற கெமிக்கல் இருக்கற பாத் எதுவா இருந்தாலும், எலக்ட்ரோலெஸ் நிக்கல் (கரண்ட் இல்லாம பூசுறது) உட்பட, இந்த மீடியா கிட்ட எதிர்பார்க்காதீங்க. கட்டிப்பிடிச்ச நிக்கல் இதுகிட்ட வராது.

குரோம் விஷயத்துக்கு வரேன், இதுதான் என்ன எழுத வெச்சது.

விக்க வந்தவர் யூனிட்லயே டெமோ காட்டினார். குரோம் ரின்ஸ் தண்ணிய பீக்கர்ல எடுத்தார், மஞ்சளா இருந்துச்சு. ஆசிட் கொஞ்சம், மீடியா ஒரு கை. நேரம் கழிச்சு வடிகட்டினா கலரே இல்ல, பளிச்சுனு தண்ணி. டைஃபினைல் கார்பசைடு சொட்டு விட்டார், குரோமியம் இருந்தா ஊதா கலர் வரணும், வரல. "பாருங்க மேடம், ஜீரோ குரோமியம்ங்க" அப்படின்னார். எங்க முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு, உடனே எவ்வளவு மூட்டை வேணும்னு பேச ஆரம்பிச்சுட்டார். நான் அந்த தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு லேபுக்கு டோட்டல் குரோமியம் பார்க்க அனுப்பிட்டேன்.

டோட்டல் குரோமியம் லிமிட்டுக்கு மேல வந்துச்சு. அவர் பொய் சொல்லல, அந்த டெஸ்ட்டும் பொய் சொல்லல. டைஃபினைல் கார்பசைடு காட்டுறது ஆறு நிலை குரோமியத்த மட்டும்தான். ஆசிட் தண்ணில நார்த்தூள், மரத்தூள், பாசி எத போட்டாலும் நடக்கறது என்னன்னா, அதுல இருக்கற லிக்னினும் ஃபீனாலும் எலக்ட்ரான குடுத்து ஆறு நிலை குரோமியத்த மூணு நிலையாக்கிடுது. மஞ்சள் போயிடும், ஊதா வராது, ஆனா குரோமியம் எங்கயும் போகல, கொஞ்சம் குருணையில, மிச்சம் தண்ணியிலயே மூணு நிலையா கரைஞ்சு நிக்குது, ஏன்னா பிஹெச் 2ல மூணு நிலை குரோமியத்த இது பிடிக்காது, மேல சொன்ன அதே காரணம். முன்னாடி பல பேப்பர்ல இத "நூறு சதவீதம் உறிஞ்சிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க, அப்புறம் கொரியாவுல பார்க், யுன்னு ஆராய்ச்சியாளர்கள் ரெண்டையும் தனித்தனியா அளந்து, இதுல பெரும்பகுதி ரிடக்ஷன்தான்னு தெளிவா காட்டினாங்க. நமக்கு லிமிட் ரெண்டு இருக்கு, ஆறு நிலைக்கு 0.1, டோட்டலுக்கு 2 மில்லிகிராம். டெமோல ஒண்ணத்தான் காட்டறாங்க.

ஆறு நிலைய மூணாக்கறதே நல்ல விஷயம்தானே, விஷம் குறையுதேன்னு கேக்கலாம். நல்ல விஷயம்தான், மறுக்கல. புற்றுநோய் வர வெக்கறது ஆறு நிலைதான், மூணு நிலை அந்தளவுக்கு ஆபத்து இல்ல. ஆனா அந்த வேலைய மெட்டாபைசல்ஃபைட் நிமிஷக்கணக்குல முடிக்குது, நார்த்தூள் மணிக்கணக்குல எடுக்குது, ஆசிட்டையும் குடிச்சுக்கிட்டே இருக்குது, நடுவுல பிஹெச் ஏறுனா அப்படியே மந்தமாயிடுது. தினமும் லோடு வர்ற இடத்துல அவ்வளவு நேரம் டேங்க்ல நிக்க வெக்க எங்ககிட்ட இடம் இல்ல. அதனால குரோம் லைனுக்கு நாங்க வாங்கல, பழைய முறையே ஓடுது. அந்த மெட்டாபைசல்ஃபைட், காஸ்டிக் முடிச்சு வந்த பொது தண்ணி இந்த பெட் வழியா போகும்போது மிச்சம் மூணு நிலை குரோமியமும் கொஞ்சம் பிடிபடுது, அது ஒரு கூடுதல் லாபம்.

உங்ககிட்ட யாராவது பீக்கர் டெமோ காட்டினா ஒரே கேள்வி கேளுங்க: டோட்டல் குரோமியம் ரிப்போர்ட் எங்க? அதுவும் நேரா உங்க தண்ணில எடுத்தது.

ரீஜெனரேஷன், அதாவது தீர்ந்த மீடியாவ திரும்ப தேத்தறது பத்தி. நீர்த்த ஆசிட் விட்டா பிடிச்ச நிக்கல விட்டுடும்னு புக்லெட்ல போட்டிருக்கு, விடுது, நாங்க சல்ஃபூரிக்ல பண்றோம். வெளிய வர்ற பச்சை தண்ணிய பாத்துல திரும்ப ஊத்தலாம்னு அவங்க சொன்னாங்க, தயவுசெஞ்சு ஊத்தாதீங்க, அதுல டானினும் கரைஞ்சு வருது, நிக்கல் டெபாசிட் கருத்து, புள்ளி விழுந்து, அடுத்து பாத்த மொத்தமா கார்பன் ட்ரீட்மென்ட் பண்ண வேண்டிவரும். நாங்க அத ஈடிபி ஸ்லட்ஜ் டேங்க்குக்கே விடறோம். செறிவா வர்றதால காரம் போட்டா நல்லா இறங்குது. ஒவ்வொரு தடவையும் பெட்டோட தெம்பு கொஞ்சம் குறையுது, குருணையும் மெத்துனு ஆகி உடையுது, ரெசின் மாதிரி வருஷக்கணக்குல இழுக்கற கதை இல்ல. இன்னொண்ணு, ஆசிட் விட்டு கழுவுனதுக்கப்புறம் சோடா கரைசல் விட்டு பிஹெச் ஏத்திட்டு ஓட்டணும், இல்லன்னா முதல் தண்ணி பூரா ஆசிடா வந்து நிக்கல் பிடிக்காம போயிடும். இதுவும் புக்லெட்ல இல்ல.

லீவு நாள். பெட்ட தண்ணியோட அப்படியே விட்டுட்டு போனா புளிச்ச வாடை வரும், மேல பூஞ்சை வெள்ளையா படியும். உயிர்ப்பொருள்தானே, அழுகத்தான் செய்யும். எங்க ஆபரேட்டர் தம்பி ஒரு வழி பண்ணிட்டார், நிறுத்தும்போது கொஞ்சம் ஆசிட் கலந்த தண்ணி நிரப்பிட்டு போறார், திரும்ப ஆரம்பிக்கும்போது அத கலெக்ஷன் டேங்க்ல விட்டுட்டு சோடா வாஷ் கொடுத்துடறார். வாடை நின்னுடுச்சு. ஆசிட்ல கொஞ்சம் நிக்கலும் கழண்டு வரும், அதனால அந்த தண்ணி வெளிய போகவே கூடாது.

அடுத்து நான் ரொம்ப கவலைப்படுற விஷயம், தீர்ந்த மீடியா. அந்த கம்பெனி சேல்ஸ் ஆள்கிட்ட கேட்டேன், முடிஞ்சதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு. "இயற்கை பொருள்தானே மேடம், மண்ணுல போட்டா மக்கிடும், இல்லன்னா எரிச்சுடுங்க"ன்னு சொன்னார். எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. நார் மக்கும், நிக்கல் மக்குமாங்க? தண்ணில இருந்து எடுத்து மண்ணுல போட்டா அடுத்த மழைக்கு திரும்ப தண்ணிக்குத்தான் வரும். எரிச்சா சாம்பல்ல மொத்த உலோகமும் இன்னும் செறிவா நிக்கும், புகையோட துகளும் பறக்கும், குரோமியம் இருந்தா காரச் சாம்பல்ல அது திரும்ப ஆறு நிலையாவே மாறலாம். உலோகம் ஏறுன மீடியா 2016 ஆபத்தான கழிவு விதிகள் கீழ வரும், ஈடிபி ஸ்லட்ஜ் மாதிரியே மூட்டை கட்டி, லேபிள் ஒட்டி, மேனிஃபெஸ்ட் (கழிவோட கூடப் போற சீட்டு) போட்டு கும்மிடிப்பூண்டி மாதிரி அனுமதி வாங்குன இடத்துக்கு அனுப்பணும். ஸ்லட்ஜோட கூட சேர்த்து அனுப்ப ஏற்பாடு பண்ணிக்கங்க, மாசு கட்டுப்பாட்டு போர்டு ஆபீஸ்ல அளவ எழுத்துல சொல்லிடுங்க. ஈரத்தோட எடை போட்டா காசு எக்கச்சக்கமா போகும், நார்த்தூள் தண்ணிய அப்படி குடிச்சு வெச்சுக்கும், கூரை போட்ட சிமெண்ட் தளத்துல காய வெச்சு அனுப்புங்க.

இத ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா ராணிப்பேட்டைல நடந்தது எல்லாருக்கும் கண்ணு முன்னாடி இருக்கு. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஃபேக்டரி 1990கள்ல மூடினதுக்கப்புறம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல குரோமியம் கழிவு அங்கயே குவியலா கெடந்துச்சு, மழை பெய்ய பெய்ய மஞ்சத்தண்ணி ஊறி நிலத்தடிக்கு போச்சு, சுத்துவட்டார கிணறு போச்சு. நம்ம மூட்டை அதுக்கு முன்னாடி தூசி மாதிரிதான், ஆனா கணபதியில எத்தன யூனிட் இருக்கு? எல்லாரும் ஒவ்வொரு மூட்டைய பின்வாசல்ல கொட்டினா? இங்க இருந்து சங்கனூர் பள்ளத்துல போறது சிங்காநல்லூர் குளத்துலதான் போய் சேருது. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவளா எனக்கு இது சகிக்கல. "பசுமை", "ஆர்கானிக்"னு மூட்டையில பச்சை இலை படம் போட்டிருக்கறதால யாரும் இத ஆபத்தான கழிவா நினைக்க மாட்டேங்கறாங்க, அதான் பயமே. மூட்டை மேலயே "உபயோகிச்சபின் ஆபத்தான கழிவு"ன்னு அச்சடிக்க சொல்லி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

விலை பத்தி: ரெசின் கூட ஒப்பிட்டா பல மடங்கு கம்மி, அது உண்மை. ஆனா நிக்கலுக்குன்னே இருக்கற சீலேட்டிங் ரெசின் கால்சியம் கூட்டத்துலயும் நிக்கல பொறுக்கி எடுக்கும், வருஷக்கணக்குல ஓடும். பெரிய யூனிட், தண்ணி அளவு ஜாஸ்தி, ஆள் வசதி இருக்குன்னா ரெசினே போங்க. முதல் போட கையில காசில்லாத எங்கள மாதிரி யூனிட்டுக்கு நார்த்தூள் மீடியா சரி. வெசல் பழைய சாஃப்ட்னர் வெசலே போதும், மல்டிபோர்ட் வால்வோட. தேங்காய் தொட்டி ஆக்டிவேட்டட் கார்பன் போட்டா ஆகாதான்னு காங்கேயத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார். அது ஆர்கானிக், கலர், குளோரினுக்கு பிரமாதம், சாதாரண ஸ்டீம் கார்பன்ல உலோகம் பிடிக்கற தொகுதிகள் கம்மி, நிக்கலுக்கு அதவிட இதுதான் மேல்.

ஆனா இந்த மூட்டை வாங்கறதுக்கு முன்னாடி முதல் ரூபாய வேற எடத்துல போடுங்கன்னுதான் சொல்வேன். ஜாப்ப நிக்கல் பாத்துல இருந்து தூக்கினதும் கொஞ்ச நேரம் மேலயே சொட்ட விடுங்க, அடுத்து தண்ணி ஓடாத ஒரு டிராக் அவுட் டேங்க் (ஜாப்ல ஒட்டிட்டு வர்ற பாத் கரைசல கழுவி சேர்த்து வெக்கற தொட்டி) வைங்க, நிக்கல் பாத் 50 – 60 டிகிரில தண்ணி ஆவியாகிட்டே இருக்கும், அந்த குறையிற அளவுக்கு டிராக் அவுட் தண்ணிய திருப்பி ஊத்துங்க. நிக்கல் விலைக்கு அது நேரா காசு, ஈடிபிக்கு வர்ற லோடும் சரசரன்னு இறங்கும். நாங்க அத பண்ணதுக்கப்புறம்தான் இந்த மீடியா கட்டுப்படியாச்சு.

சர்வீஸ்: டெலிவரி சொன்ன நேரத்துக்கு வருது, போன் எடுக்கறாங்க, பணிவா பேசறாங்க. லாட்டுக்கு லாட் வித்தியாசம் இருக்கு, ஒரு தடவ வந்தது கலர் நிக்காம ஓடுச்சு, உடனே மாத்திக் கொடுத்தாங்க, அத மெச்சணும். மழைக்காலத்துல வர்ற சரக்கு ஈரமா இருக்கும், எடைக்குத்தானே காசு, ஈரப்பதம் எவ்வளவுன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. ஒவ்வொரு புது லாட்டையும் ஒரு பக்கெட்ல உங்க தண்ணியோட கலக்கி பார்த்துட்டு வெசல்ல கொட்டுங்க.

சயனைடு ஜிங்க், சயனைடு காப்பர் ஓட்டறவங்க இது பக்கமே வராதீங்க. சயனைடு உலோகத்த விடாது, அதவிட முக்கியம், இந்த மீடியாவுக்கு ஆசிட் பக்கம் பிஹெச் வேணும், சயனைடு தண்ணில ஆசிட் விழுந்தா வர்ற வாயு ஆளையே கொல்லும். முதல்ல சயனைட முழுசா உடைச்சு, டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம்தான் மத்த பேச்சு.

வீட்டு போர் தண்ணிக்கு இத போடலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. வேண்டாம். குடிக்கற தண்ணிக்கு லிமிட் வேற கணக்கு, நிக்கல் 0.02, ஈயம் 0.01 மில்லிகிராம், இந்த குருணை அந்தளவுக்கு உத்தரவாதம் தராது, டானின் விடும், உள்ள கிருமி வளரும். சந்தேகம் இருந்தா தண்ணிய குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து பாருங்க, சாதாரண டெஸ்ட்ல ஹெவி மெட்டல் வராது, தனியா கேட்டு எழுதி குடுக்கணும்.